வள்ளங்களின் மேடை

ஃபோர்ட் கொச்சியில் கடலைப் பார்த்து நிற்கும் ஆஸ்பின்வால் கட்டிடத்தில்தான் 2012இல் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியது. 'மக்கள் பினாலே' என்றார்கள். எந்த மக்கள்? மிளகும் கயிறும் தேங்காயெண்ணெயும் கப்பலேறிய வெள்ளைக்காரன் கிடங்கு அது. உதிர்ந்த சுண்ணாம்புச் சுவரை வியக்கும் விமர்சகர்கள், மூட்டை சுமந்தவன் யாருன்னு கேக்கிறதில்ல.

1913இல் கொச்சிப் புலையர்கள் கூட்டம் போட நிலத்தில் இடம் கிடையாது. பண்டிட் கருப்பனோடு சேர்ந்து காயலில் வள்ளங்களைப் பிணைத்து, மேலே பலகை போட்டுக் கூடினார்கள். கரை ராஜாவுக்குச் சொந்தம். தண்ணிய என்ன பண்ணுவான்? நிறுவல் கலை, நிறுவல் கலை என்கிறார்களே, நான் முதலில் வைப்பது இதைத்தான். கொச்சிக் கலை வரலாறு இங்கிருந்து எழுதப்படணும். எறணாகுளத்திலிருந்து படகில் கண்காட்சிக்குப் போகிற தோழர்கள், இறங்குறதுக்கு முன்னால அந்தத் தண்ணியை ஒரு தடவ நின்னு பாருங்க.