கிரெய்க் போட்ட தூண்டில்

பில் லாவ்ரி பேட் பிடித்த காலத்தில் அவரை அசைப்பதே பெரும்பாடு. ஆஸ்திரேலியாவுக்காக 67 டெஸ்ட், 5,234 ரன். முகத்தில் சலனமே இருக்காது. கால்காப்பு கட்டிய பிணம் என்று இங்கிலாந்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியே விட்டார். அதே மனிதர்தான் சேனல் நைன் தொலைக்காட்சியின் மைக் முன் உட்கார்ந்ததும், விக்கெட் விழும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கொண்டாட்டத்தில் பாதியை சக வர்ணனையாளர் டோனி கிரெய்க்கின் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

இருவரும் டெஸ்டில் மோதியதில்லை. லாவ்ரியின் கடைசி டெஸ்ட் 1971-இல். இங்கிலாந்துக்காக கிரெய்க் முதல் டெஸ்ட் ஆடியது 1972-இல். பாக்கி நின்ற அந்த ஆட்டத்தை வர்ணனை அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடித் தீர்த்தார்கள்.

கிரெய்க் நேராக ஸ்டம்பைக் குறிவைக்க மாட்டார். லாவ்ரியின் சொந்த மாநிலமான விக்டோரியாவின் வீரர் ஒருவரைப் பற்றி லேசாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டுவைப்பார். லாவ்ரியால் தொடாமல் விட முடியாது. மெல்பர்ன் ஆள் என்றாலே அவருக்குத் தங்கம். பந்தயப் புறா வளர்ப்பவர் அவர்; அந்தப் புறாக்களைப் போலவே அவர் பேச்சும் எங்கே சுற்றினாலும் கடைசியில் விக்டோரியாவில்தான் வந்து இறங்கும். கிரெய்க்குக்கு அது தெரியும். எட்ஜ் எடுத்ததும் அந்தக் கனத்த குரலுக்கடியில் ஒரு சிரிப்பு ஓடும். இங்கிலாந்து விக்கெட் ஒன்று சாயட்டும், அப்போது லாவ்ரியின் முறை.

எதிராளி மேல் பாசம் இல்லாவிட்டால் இந்தச் சீண்டல் இரண்டாம் நாளே கசந்திருக்கும். கிரெய்க்கிடம் அந்தப் பாசம் ஆடுகிற காலத்திலேயே இருந்தது. 1973 பம்பாய் டெஸ்டில் இந்தியாவின் குண்டப்பா விஸ்வநாத் சதம் அடித்ததும், ஆறரை அடி உயர கிரெய்க் ஓடிப்போய் அவரைக் கைக்குழந்தையைப்போல ஏந்தித் தாலாட்டினார். சதம் வாங்கிக்கொண்டது அவருடைய அணி! 1996 ஜனவரியில் இலங்கையின் ரொமேஷ் களுவிதாரண தொடக்க வீரராக இறங்கி ஆஸ்திரேலியப் பந்துவீச்சை விளாசியபோது, 'லிட்டில் களு, லிட்டில் களு' என்று மைக்கில் துள்ளியவரும் அதே ஆள்தான். ஆட்டத்துக்கு முன் பிட்ச் விரிசலில் கார் சாவியைச் செருகிக் காட்டும்போதுகூட, தெருவில் வித்தை காட்டுபவரின் உற்சாகம் அவரிடம் இருக்கும்.

2012 டிசம்பர் 29-இல் சிட்னியில் அவர் காலமானார். வயது 66. ஐந்தே நாளில், 2013 ஜனவரி 3-ஆம் தேதி, அதே ஊரில் டெஸ்ட் தொடங்கியது. ஆஸ்திரேலியாவை எதிர்த்து இறங்கியது அவருடைய செல்ல அணியான இலங்கை.

லாவ்ரி பிறகும் வர்ணனை செய்தார். குரலில் சூடு குறையவில்லை. ஆனால் மெல்பர்ன் ஆள் ஒருவரை அவர் ஆகா ஓகோவென்று புகழ்ந்து முடிக்கும்போதெல்லாம், 'அப்படியா பில்?' என்று இழுக்கும் அந்தக் குரலுக்காக என் காது காத்திருக்கும். அடுத்த பந்து வந்துவிடும்.