அளவுகோல் யாருடையது?

கூட்டாட்சி பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் கே.சி. வியர் வந்து நிற்கிறார். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர். 1946இல் வெளிவந்த அவரது நூல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகியவற்றை அளந்து பார்த்தது. கையிலிருந்த கோல் அமெரிக்காவுடையது. இந்திய அரசியல் சட்டம் வந்ததும் அதையும் அதே கோலால் அளந்து ‘அரைக் கூட்டாட்சி’ என்றார். தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் இச்சொல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குள்ளும் நுழைந்தது. வெறும் விவரணை மெல்ல மெல்ல நியாயமாகிவிட்டது: அரைதானே, மத்திய அரசு கொஞ்சம் அழுத்தினால் என்ன?

பக்கத்தில் ராஜமன்னார் குழு அறிக்கையை வைத்துப் பாருங்கள். 1969இல் தமிழக அரசு அமைத்த குழு. மூவரில் இருவர் தலைமை நீதிபதிகளாக இருந்தவர்கள். மூன்றாமவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார். 1971இல் தந்த அறிக்கை 356ஆம் பிரிவை நீக்கச் சொன்னது, மாநிலங்களுக்கிடையிலான மன்றம் கேட்டது. 1976 ஜனவரி 31 அன்று அதே 356, குழுவை அமைத்த கருணாநிதியின் ஆட்சியைக் கலைத்தது. மன்றமோ, சர்க்காரியா குழுவும் பரிந்துரைத்த பிறகு, 1990இல்தான் வந்தது. ஆனாலும் ராஜமன்னார் அறிக்கையைத் திமுகவின் கோரிக்கை மனுவாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தால் கோட்பாடு, நம்மாள் எழுதினால் கட்சித் துண்டறிக்கை!

இத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் சௌகரியம். நான் இருப்பது திருமுடிவாக்கத்தில். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. டிசம்பருக்குள் நடத்து என்றும் சொன்னது. மாநில அரசு வார்டு மறுவரையறை என்று இழுத்தது. காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். அஞ்சு வருஷம் தலைவரும் கிடையாது, வார்டு உறுப்பினரும் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊர் இது. தெருவிளக்கு எரியவில்லையென்றால் யாரைப் போய்க் கேட்பது? 356இன்கீழ்கூட, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல், ஒரு மாநிலத்தை மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஊராட்சிக்கு ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் என்று 73ஆவது திருத்தம் எழுதிவைத்திருந்தும் அந்தக் காப்பு பலிக்கவில்லை.

ராஜமன்னார் குழுவைக் குறைசொல்ல மாட்டேன். அதற்குத் தரப்பட்ட வேலை மத்திய மாநில உறவு. அதைப் படித்து வளர்ந்த நமது சுயாட்சிச் சொல்லாடல் ஏன் கோட்டையோடு நின்றுவிட்டது? டெல்லியை அளக்கும் கோலைக் கோட்டைப் பக்கம் திருப்பத் தயங்கிய ஆய்வாளர்களில் என் நண்பர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் தமிழக அரசு, மாநில உரிமைகளை ஆராய, நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது. அதன் பக்கங்களில் ஊராட்சிக்கு எத்தனை பக்கம் என்றுதான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.