அலரும் வட்டமும்: ‘டெர் கிரைஸ்’ திரைப்படத்தில் மறைவுக் காதலும் அதன் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

சூரிச் நகரில் 1967 வரை வெளிவந்த ஒருபால் விழைவோர் இதழையும் அதனைச் சூழ்ந்து இயங்கிய அமைப்பையும் மையமாகக் கொண்டு ஸ்டெஃபான் ஹவுப்ட் இயக்கிய திரைப்படம் ‘டெர் கிரைஸ்’ (2014). சிறியதும் செல்வம் மிக்கதுமான ஒரு நகரில், பொதுநெறிக்குப் புறம்பானவை எனக் கருதப்படும் விருப்பங்களையுடையோர் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டடைந்தனர் என்பதை இப்படம் காட்டுகிறது. தமிழ் அகப்பொருள் மரபின் களவு, கற்பு, அலர், பெருந்திணை ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இப்படத்தை அணுகும் இக்கட்டுரை, அந்த அமைப்பு பேணிய ஒழுக்கம் ஊரின் பார்வைக்கு விடையளிப்பதாக அமைந்ததேயன்றி, உறவில் ஈடுபடுவோரின் இசைவை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்றும், படமும் அவ்வொழுக்கத்தின் எல்லையைப் பெரிதும் கடக்கவில்லை என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: டெர் கிரைஸ், சூரிச், அலர், களவு, பெருந்திணை, இசைவு, மரபுசாரா விருப்பம்

முன்னுரை

‘டெர் கிரைஸ்’ என்பதற்கு வட்டம் என்பது பொருள். 1932இல் வேறொரு பெயரில் தொடங்கிய இதழ், நெருக்கடி மிகுந்த 1930களில் அன்னா ஃபொக் என்னும் பெண்மணியின் உழைப்பால் நிலைத்தது. பின்னர் ‘ரோல்ஃப்’ என்னும் புனைபெயர் கொண்ட நடிகர் கார்ல் மையரின் பொறுப்பில் 1943 முதல் ‘டெர் கிரைஸ்’ என வழங்கலாயிற்று. ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளோடு 1950களில் ஆங்கிலமும் சேர, மும்மொழி இதழாக வளர்ந்து, 1967இல் நின்றது.

ஹவுப்டின் படம் ஆவணமும் புனைவும் கலந்த வடிவினது. பள்ளி ஆசிரியர் ஏர்ன்ஸ்ட் ஓஸ்டர்டாக், முடிதிருத்துநரும் மேடைக் கலைஞருமான ரோபி ராப் ஆகிய இருவரின் முதுமைக்கால நேர்காணல்களும், அவர்களது 1950களின் வாழ்வை நடிகர்கள் நிகழ்த்தும் காட்சிகளும் மாறி மாறி வருகின்றன. பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த ஆவணப்படத்திற்கான டெடி விருதை 2014இல் இப்படம் பெற்றது. ஒடுக்கப்பட்ட காதலின் வெற்றிக் கதையாக இதனைக் காண்பது எளிது. அவ்வெற்றி எவற்றை உள்ளடக்கியது, எவற்றை வெளியே நிறுத்தியது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

ஊர் அளவுள்ள நகரம்

1950களில் சூரிச்சின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நிறைந்த செல்வ நகரம் அது. சீர்திருத்தத் திருச்சபையின் மரபில் ஊறியதும் ஆகும். ஸ்விங்ளியின் காலத்தில், 1525இலேயே, திருமண ஒழுக்கத்தை விசாரிக்கத் தனி நீதிமன்றம் கண்ட நகரம். பெருநகரம் ஒருவருக்குத் தரும் முகமறியாமையை இத்தகைய நகரம் தருவதில்லை. அலுவலகத்தில் காண்பவரையே நடன அரங்கிலும் காண நேரும். இன்னாருடைய மகன், இன்ன பள்ளியின் ஆசிரியர் என்னும் அடையாளங்கள் ஒருவரை எங்கும் விடாது தொடரும்.

இச்சூழலைத் தமிழ் அகமரபு ‘ஊர்’ என்னும் ஒரு சொல்லால் சுட்டும். களவொழுக்கத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் எதிர்நிற்பது பெரும்பாலும் ஊரின் வாய். சிலர் அறிந்து முணுமுணுப்பது அம்பல். பலர் அறியப் பரவுவது அலர். இவ்விரண்டிற்கும் இடையிலான தூரமே சூரிச்சில் ஒருவரது பணியையும் உயிரையும் காத்தது.

சட்டம் அங்கு முதற்பகையாக இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1942இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் தண்டனைச் சட்டம், 20 வயது நிறைந்தோரின் இசைவுடைய ஒருபால் உறவைக் குற்றமாகக் கருதவில்லை. ஆயினும் காவல்துறை ஒருபால் விழைவோரின் பெயர்ப் பட்டியல்களைப் பேணியது. குற்றமல்லாத ஒன்றிற்கான பட்டியல் என்பது எழுத்துவடிவம் பெற்ற அலரேயாகும். வாய்மொழி அலர் காலப்போக்கில் அடங்கக்கூடும். கோப்பில் ஏறிய அலருக்கு அந்த மறதி இல்லை.

அகமரபில் அலருக்கு ஒரு பயன்பாடு உண்டு. அலர் எழுந்ததைக் கூறித் தோழி தலைவனை வரைவுக்குத் தூண்டுவாள்; அதனால் அலர் களவைக் கற்பை நோக்கி நகர்த்தும் விசையாகிறது. சூரிச்சின் காதலர்க்கு வரைவு என்னும் வாயில் இல்லை. எனவே அங்கு அலர் அழிவை நோக்கியே தள்ளியது. படத்தில் வரும் பள்ளித் தலைமையாசிரியர் மாக்ஸ் சீபர் மனைவி மக்களுடன் வாழ்பவர், வட்டத்தோடு தொடர்புடையவர். செய்தி வெளிப்பட்டபின் அவர் தற்கொலை செய்துகொள்கிறார். நிரந்தரப் பணியாணையை எதிர்நோக்கியிருக்கும் ஏர்ன்ஸ்டின் மௌனத்தின் விலை என்னவென்பதை அம்மரணம் பார்வையாளர்க்கு உணர்த்துகிறது.

பெயரின்மையின் இருவகை

வட்டத்தினர் புனைபெயர்களாலேயே ஒருவரையொருவர் அறிந்தனர். சந்தாதாரர் விவரங்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் காக்கப்பட்டன. இப்பெயரின்மை அகப்பாடல்களின் ஒரு விதியை நினைவூட்டும். அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பாண்டியனின் அடையாளப் பூவாகிய வேம்பு இடம்பெற்றமையைக் காட்டியே நெடுநல்வாடையைப் புறம் என உரைத்தார் நச்சினார்க்கினியர்.

தோற்றத்தில் ஒத்த இவ்விரு பெயரின்மைகளும் பயனில் வேறானவை. அகமரபில் பெயர் நீங்கும்போது உணர்வு எல்லோர்க்கும் உரியதாகிறது. சூரிச்சில் பெயர் நீங்கும்போது ஒருவரது ஊதியம் காக்கப்படுகிறது. இங்குச் செல்வ நகரத்தின் வகுப்புநிலை வெளிப்படுகிறது. இழப்பதற்குப் பதவியும் குடும்பப்பெயரும் உடையவர்க்கே மறைவு இன்றியமையாததாகிறது. மறைவைப் பேணுவதற்கு வேண்டிய தனியறையும் பணமும் பயண வாய்ப்பும் பெரிதும் அவர்களிடமே இருந்தன.

ஹவுப்டின் படம் இப்பெயரின்மையை முறிக்கிறது. முதிய ஏர்ன்ஸ்டும் ரோபியும் தம் இயற்பெயருடன், தம் முகத்துடன், தம் இல்லத்தில் அமர்ந்து பேசுகின்றனர். மரபின் மொழியில் கூறினால் அகம் புறமாகிறது. ஆவணப்பகுதியின் அரசியல் வலிமை இதில்தான் உள்ளது. நடித்துக் காட்டப்படும் பகுதிகள் அச்சத்தை விளக்குகின்றன. நேர்காணல்கள் அவ்வச்சம் முடிந்துவிட்டதைப் பேசுவோரின் இருப்பாலேயே மெய்ப்பிக்கின்றன.

வட்டத்தின் ஒழுக்கம்

வட்டம் தன் பாதுகாப்புக்காக ஓர் ஒழுக்கத்தை வகுத்துக்கொண்டது. இதழின் படங்கள் செவ்வியல் அழகை முன்னிறுத்தின. ஆபாசம் எனத் தணிக்கையாளர் கருதக்கூடியவை விலக்கப்பட்டன. இவ்விதழின் வரலாற்றை எழுதிய ஹியூபர்ட் கென்னடி தம் நூலுக்கு (1999) ‘இலட்சிய ஒருபால் விழைவாளன்’ எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். ஊர் குறைகூற இயலாத ஓர் ஆணை உருவாக்கிக் காட்டுவதே வட்டத்தின் பெருமுயற்சி என்பதை அத்தலைப்பு உணர்த்துகிறது.

நொய்மார்க்ட் தெருவில், இன்று நாடக அரங்காக உள்ள கட்டடத்தில், வட்டத்தின் நடன விழாக்கள் நடைபெற்றன. அங்கு ரோபி பெண்வேடமிட்டுப் பாடினார்; அவ்வேடத்தில் கண்டே ஏர்ன்ஸ்ட் அவரிடம் மனம் பறிகொடுப்பதைப் படம் அழகுறக் காட்டுகிறது. ஆனால் அவ்வேடத்திற்கு உரிய எல்லை மேடையின் விளிம்பே. அரங்கிற்குள் கைதட்டலைப் பெறும் உடை, தெருவில் வட்டம் முழுவதையும் இடருக்குள்ளாக்கும். எனவே மரபுசாரா விருப்பத்திற்கு வட்டம் ஓர் இடத்தையும் நேரத்தையும் ஒதுக்கியதே தவிர, அதற்கு அன்றாட வாழ்வில் உரிமை கோரவில்லை.

மற்றோர் எல்லை இன்னும் கடுமையானது. பணத்திற்காக உறவுகொண்ட இளைஞர்கள் வட்டத்தின் மதிப்புக்குப் புறத்தே நின்றனர். 1942ஆம் ஆண்டுச் சட்டமும் ஆண்களின் பாலியல் தொழிலைக் குற்றமாகவே வைத்திருந்தது. அந்நிலை 1992இல்தான் மாறியது. இசையமைப்பாளர் ராபர்ட் ஓபூஸியே 1957இல் அத்தகைய இளைஞன் ஒருவனால் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து இதழ்களின் கண்டனமும் காவல்துறைச் சோதனைகளும் வட்டத்தினர்மீதும் பாய்ந்தன. படத்தில் இக்கொலைகள் கதையின் திருப்பமாகின்றன. ஆனால் அவ்விளைஞர்கள் அச்சுறுத்தலாக மட்டுமே தோன்றுகின்றனர். அவர்கள் யார், எந்த வறுமையிலிருந்து அச்செல்வ நகரின் இரவுக்குள் வந்தனர் என்பதைப் படம் போதிய அளவு வினவவில்லை. வட்டத்தின் கண்களாலேயே படமும் அவர்களைக் காண்கிறது.

களவிலிருந்து கற்புக்கு

சூரிச் மாநிலத்தில் ஒருபால் இணையர் பதிவு 2003இல் நடைமுறைக்கு வந்தபோது முதலிற் பதிவுபெற்றோர் ஏர்ன்ஸ்டும் ரோபியுமே. இவ்வாறு படத்தின் கட்டமைப்பு களவில் தொடங்கிக் கற்பில் நிறைவெய்தும் அகப்பொருள் வைப்புமுறையை ஒத்துள்ளது. அந்நிறைவு அவ்விருவர்க்கும் உரியதே. அதன் மதிப்பைக் குறைத்தற்கு இடமில்லை. ஆனால் ஓர் இணையின் வரலாற்றை ஒரு சமூகத்தின் வரலாறாகக் கொள்ளும்போது, இணை என்னும் வடிவில் அடங்காத விருப்பங்கள் எங்குச் சென்றன என்னும் கேள்வி எழுகிறது.

தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்கு இருபுறமும் கைக்கிளையையும் பெருந்திணையையும் நிறுத்தினார். அவற்றை நடுவணதாக ஏற்காவிடினும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தார். படத்தில் அத்தகைய பெயரிடல் இல்லை. பலரோடு உறவுடையோர், தோலாடையிலும் கட்டுதலிலும் ஆளுதல் – பணிதல் விளையாட்டிலும் இன்பம் காண்போர், இன்று ‘கிங்க்’ என ஒருசேரச் சுட்டப்பெறும் விருப்பங்களையுடையோர் ஆகியோர்க்கு அதன் கதையுலகில் இடமில்லை. வரலாற்று வட்டத்தில் அவர்கள் பேசப்படாமை புரிந்துகொள்ளத்தக்கது. 2014இல் எடுக்கப்பட்ட படம் அப்பேசாமையைச் சுட்டாமற் போனதே குறையாகிறது. இதழ் நின்றமைக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வெளிப்படையான படங்களுடன் வந்த இதழ்களின் போட்டி என்பது இங்கு எண்ணத்தக்கது. வாசகரின் விருப்பம் வட்டத்தின் ஒழுக்கத்தைத் தாண்டியிருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.

பெருந்திணை என்னும் கருவிக்கும் வரம்பு உண்டு. மடலேறுதல், வயது ஒவ்வாமை, தெளிவிழந்த வேட்கை, வலிந்து கொள்ளுதல் ஆகியவற்றை அது ஒரே தொகுப்பில் வைக்கிறது. வழக்கத்திற்கு மாறானதும் வன்முறையும் அங்கு ஒருங்கே நிற்கின்றன. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு இசைவே. 1983இல் நியூயார்க்கில் உருவாகிப் பரவிய, பாதுகாப்பு, தெளிந்த மனநிலை, இசைவு ஆகிய மூன்றையும் வேண்டும் முழக்கம் அக்கோட்டையே வரைந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் ஏற்ற நோய்ப் பகுப்பின் 11ஆம் பதிப்பும், இசைவுடன் நிகழும் வலி – பணிவு சார்ந்த விருப்பங்களை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இங்கு இரண்டு அறங்கள் எதிரெதிர் நிற்கின்றன. வட்டத்தின் ஒழுக்கம் ‘ஊர் என்ன கூறும்?’ என்று கேட்டது. இசைவின் அறம் ‘உடனிருப்பவர் என்ன கூறுகிறார்?’ என்று கேட்கிறது. முன்னதில் பெண்வேடமும் வன்முறையும் ஒரே வகையான இடர். இரண்டும் அலரை எழுப்பும். பின்னதில் அவை முற்றிலும் வேறானவை. பதவியின் வலிமையால் இளையவரைப் பணியவைக்கும் கண்ணியவானுக்கு முன்னதில் இடமுண்டு, பின்னதில் இல்லை.

இன்றைய பொருத்தம்

சுவிட்சர்லாந்தில் 2021இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் ஒருபால் திருமணத்தை ஏற்றனர். 2022 சூலை முதல் அது நடைமுறையில் உள்ளது. கற்பின் வாயில் முழுமையாகத் திறந்துவிட்டது எனலாம். ஆயினும் சிறிய நகரின் இயல்பு சட்டத்தால் மாறுவதில்லை. 2009இல் வந்த ‘கிரைண்டர்’ போன்ற செயலிகள் பயனரின் தொலைவை மீட்டர் கணக்கில் காட்டும் வசதியுடையவை. பெருநகரில் அத்தொலைவு வெறும் எண். சிறுநகரில் அது எதிர்வீட்டுக்காரரையோ மேலதிகாரியையோ சுட்டும் விரல். முகமில்லாப் படமும் புனைபெயரும் கொண்டு அங்கு நுழைபவர், தம் விருப்பத்தை எந்த வரிசையில், யாரிடம், எவ்வளவு வெளியிடுவது என்று கணக்கிட வேண்டியவராகிறார். ரோல்ஃபின் சந்தாதாரர் செய்த கணக்கும் அதுவே. மணவுறவை ஏற்ற ஊர், இணைக்கு அப்பாற்பட்ட விருப்பத்தையும் ஏற்றுவிட்டதாகக் கொள்வதற்கில்லை. எனவே படம் முடிந்துவிட்டதாகக் காட்டும் அச்சம், மற்றொரு சாராரிடம் இடம்பெயர்ந்துள்ளது என்று கருத இடமுண்டு.

முடிவுரை

‘டெர் கிரைஸ்’ அலரின் கொடுமையை நுட்பமாகவும், பெயர்கூறிப் பேசுதலின் வலிமையை உறுதியாகவும் காட்டும் படம். அதன் குறை, அலருக்கு அஞ்சி வகுக்கப்பட்ட ஒழுக்கத்தை அலர் நீங்கிய பின்னும் அளவுகோலாகக் கொண்டதில் உள்ளது. அதனால் பணத்திற்காக வந்த இளைஞர் அச்சுறுத்தலாகவும், பெண்வேடம் மேடை அழகாகவும் சுருங்க, பிற விருப்பங்கள் பெயரின்றி மறைகின்றன. அகமரபின் கருத்தாக்கங்களைக் கொண்டு இத்தகைய படைப்புகளை ஆராயும்போது, களவு – கற்பு என்னும் நேர்கோட்டோடு நில்லாமல், ஓரத்தில் நிறுத்தப்பட்ட திணைகளையும் இசைவு என்னும் அளவுகோலால் மறுவாசிப்புக்கு உட்படுத்துதல் வேண்டும். ஒரு சமூகத்தின் விடுதலையை, அது மணமேடைக்கு அழைத்துவந்தவர்களைக் கொண்டு மட்டும் கணக்கிட இயலாது. மண்டபத்திற்கு வெளியே நிற்போரையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.