மிகையும் குறையும்: குத்துச்சண்டை ஒளிபரப்பு பற்றி ஒரு மதிப்பீடு

குத்துச்சண்டை ஒளிபரப்புக்கு யார் விலை கொடுப்பது: விளம்பரதாரரா, சந்தாதாரரா? இரு முறைகளையும் ஒரே உரைகல்லில் உரைக்க வேண்டும். வருவாய் முறை இவ்விளையாட்டின் இயல்போடு பொருந்துகிறதா? அது நாளைய இரசிகரை உருவாக்குகிறதா?

பொருத்தத்தில் சந்தா முறையே மேல். கல்முனைத் தேநீர்க்கடைகளில் நாம் பார்க்கும் கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஓவருக்குப் பின்னும் விளம்பரத்துக்கு இடமுண்டு. குத்துச்சண்டையில் மூன்று நிமிடச் சுற்றுக்கு ஒரு நிமிட ஓய்வு, அதற்கும் உத்தரவாதமில்லை. 1988இல் டைசன் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடிகளில் வீழ்த்தினார். முதல் ஓய்வே வரவில்லை. விளம்பரத்தை நம்பிய நிலையத்துக்கு இது நட்டம். முன்கூட்டிக் கட்டணம் பெற்றவருக்கு இல்லை. 2015இல் மேவெதர்–பக்கியாவ் போட்டியை அமெரிக்காவில் சுமார் 46 இலட்சம் பேர், சந்தாவுக்கு மேல் தனிப்போட்டிக் கட்டணமாக 100 டொலர் வரை கொடுத்து வாங்கினர். கணக்கு என்ற அளவில் இது குறையற்ற வெற்றி.

இரசிகரை உருவாக்குவதில் நிலைமை தலைகீழ். 1978இல் முகம்மது அலி–லியோன் ஸ்பிங்ஸ் மறுபோட்டியை அமெரிக்க இலவசத் தொலைக்காட்சியில் சுமார் 9 கோடிப் பேர் பார்த்தனர். சந்தாவின் கோட்டையாக விளங்கிய எச்.பி.ஓ. 45 ஆண்டுகளின் பின் 2018இல் குத்துச்சண்டையைக் கைவிட்டது. மற்றொரு சந்தா நிலையமான ஷோடைம் 2023இல் விலகியது. மரத்தின் கனியை விற்றவர்கள் வேருக்கு நீர் விடவில்லை.

இலவச முறையும் குற்றமற்றதன்று. 1950களில் வாரந்தோறும் இலவசமாகக் காட்டியதால் அமெரிக்காவின் சிறு அரங்குகள் வெறிச்சோடின. புதியவர்கள் பயின்று தேறும் களங்கள் அருகின.

இருப்பினும் இலவசத்தின் பயனை இங்கும் காணலாம். நம் கரையோர ஊர்களில் அலியை அறியாத முதியவர் அரிது; இக்கால வீரர் உசிக்கை அறிந்த இளைஞரும் அரிது. அலியின் இஸ்லாமிய மார்க்கப் பற்றும் நம்மை ஈர்த்தது என்பது உண்மையே. ஆயினும், இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த 1979க்கு முன்பே அவர் பத்திரிகை வழியாக நம் வீடுகளுக்குள் வந்துவிட்டார். பார்வையாளர் பெருகிய விளையாட்டின் செய்தி, அதைப் பார்க்காதவரையும் எட்டும்.

இலவசத்தின் குற்றம் மிகை. சந்தாவின் குற்றம் குறை. மிகையை அளவிட்டுத் திருத்தலாம். இழந்த தலைமுறையை மீட்பது அரிது. ஆகவே என் தீர்ப்பு: வளரும் வீரர்களின் போட்டிகள் அளவோடு இலவசமாக வரட்டும், உச்சப் போட்டிக்கு மட்டும் விலை இருக்கட்டும். முன்னையதைச் செய்யாதவருக்குப் பின்னையதைக் கேட்கும் உரிமை இல்லை.