ஓவியன் கண்ணும் சிற்பி கையும்

சென்னை மெரீனாக் கடற்கரையிலே 1959ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை நேரிற் காணாதாரும் படத்திற் கண்டிருப்பர். நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். அதனை ஆக்கியவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவர் சிற்பி மட்டுமல்லர், ஓவியருமாவர். அவ்விரு கலைகளும் அவரிடத்தே இணைந்தனவா, முரணினவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1899இல் வங்கத்து ரங்கப்பூர்ப் பகுதியிற் பிறந்த அவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். அவ்வோவிய நெறி மென்மையானது. நீர்வண்ணத்தால் உருவத்தைப் பனிமூட்டத்திற் கண்டாற்போலக் காட்டுவது. சிற்பத்திலோ அவர் மேலைநாட்டு இயற்பண்பு நெறியைக் கைக்கொண்டார்; எலும்பும் தசையும் அளவு பிறழாது அமைதல் வேண்டும் என்பது அந்நெறி. ஒன்று உருவத்தைக் கரைப்பது, மற்றொன்று இறுக்குவது. ஆதலின், ஒருவருள் இருவர் வாழ்ந்தனர் என்று கருதத் தோன்றும்.

அக்கருத்துப் பொருந்தாது. சிலையை அணுகி நோக்கின், தசைத்திரட்சி மிகையெனவே படும், அது குறைதான். விலகி நின்று வானத்தின் பின்னணியில் நோக்கினாலோ தசை மறைகிறது. சாய்ந்த உடல்களின் புறக்கோடே எஞ்சுகிறது. அக்கோடு ஓவியன் இட்ட கோடு.

கல்முனைக் கரையிற் கரைவலை இழுப்பாரைக் கண்ட நமக்கு இஃது எளிதில் விளங்கும். தொலைவில் நிற்போன் அவர்தம் முகத்தைக் காணான். கயிற்றைப் பற்றிப் பின்சாய்ந்த உடல்களின் வரிசையையே காண்பான். அச்சாய்வே உழைப்பை உணர்த்தப் போதும். சிலைக்கு அவர் இட்ட பெயர் ‘உழைப்பின் வெற்றி’. பாறையோ இன்னும் பெயர்ந்தபாடில்லை! வெற்றியைப் பாறையில் வையாது மனிதரின் முயற்சியில் வைத்தமையே அதன் சிறப்பு.

1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று, ஏறத்தாழ முப்பதாண்டு அவர் பணியாற்றினார். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் ஆசிரியரின் நெறியில் நில்லாது புதுவழி கண்டனர். இதனை அவருடைய தோல்வி என்பது தவறு. இருநெறி பயின்று ஒன்றனுள் அடங்காத ஆசான், தம்மைப்போன்றே மாணாக்கரை ஆக்கினார் எனலாம். ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து வரைதலே சித்திரப் பாடம் என எண்ணும் நாம், இதனைச் சிந்தித்தல் நன்று.