மூன்று பகல், இரண்டு இரவு

விமர்சனம் எழுத நாவலையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒற்றைத் தாள். பிள்ளைகளோடு மூணாறு போக நினைக்கும் குடும்பங்களுக்குப் பயண முகவர்கள் தரும் நிரல் அது. விடுதியின் பெயரும் வண்டியின் வகையும் மாறும், சாரம் ஒன்றுதான். முதல் நாள்: போடிமெட்டு வழியாக மலையேறுதல், அறையில் ஓய்வெடுத்தல். இரண்டாம் நாள்: இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்த்தல், பிறகு மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை. மூன்றாம் நாள்: தேயிலை அருங்காட்சியகம், பொருள்கள் வாங்குதல், ஊர் திரும்புதல்.

இந்தத் தாளில் வினைமுற்றே கிடையாது. ஏறுதல், ஓய்வெடுத்தல், பார்த்தல், திரும்புதல் என்று எல்லாம் தொழிற்பெயர்கள். தொழிற்பெயரில் ஒரு வசதி உண்டு. செய்கிறவர் யார் என்று அது சொல்ல வேண்டியதில்லை. ‘குழந்தைகளைத் தயார்ப்படுத்திக் காலை ஏழரைக்குப் புறப்படுதல்’ என்று ஒரு வரி வரும். தயார்ப்படுத்துவது யார்? தாளைக் கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே எழுவாய் தேவைப்படவில்லை.

இதற்கு இணையாக எல்லா வீட்டிலும் இன்னொரு பிரதி இருக்கிறது. என் வீட்டில் அது மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். சில பெண்களுக்குக் கைப்பேசியில், பலருக்கு மண்டைக்குள். அதில் இருப்பவை: சின்னவனுக்கு வாந்தி மாத்திரை, வளைவு தொடங்குவதற்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் மாற்றுச்சட்டை, அது கைக்கு எட்டும் பையில். போன வருஷ ஸ்வெட்டர் மகளுக்குக் கை பத்துமா? அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை, நான்கு நாளுக்கு. முதல் நாள் மதியத்துக்குப் புளிசாதம், அத்தைக்கு மட்டும் காரமில்லாத தயிர்சாதம். வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே? பால்காரரிடம் சொல்ல வேண்டும். சிலிண்டரை மூட வேண்டும். இவற்றுக்கு நடுவே எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு தேதி, வட்டமிடப்பட்டிருக்கும். பெண்களுக்கு அது என்ன தேதி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேதிக்காகப் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லக் கூசி, மாத்திரை போட்டு மாதவிடாயைத் தள்ளிவைக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

முதல் பிரதி அச்சாகிறது, விலைபோகிறது. இரண்டாவது பிரதி பயணம் முடிந்ததும் கிழிக்கப்படுகிறது. ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவது ஒரு நாள்கூட நடக்காது.

இந்த இரண்டாம் பிரதியின் வேலைக்குச் சமூகவியலில் இப்போது பெயர் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவுசெய்தது நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளிடையே முடிவெடுப்பது ஓரளவு பகிரப்பட்டிருந்தது. முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தன.

நம் வீட்டுப் பேச்சுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். “இந்த லீவுக்கு மூணாறு போலாமா?” என்று அவர் கேட்கிறார். “போலாங்க” என்று இவள் சொல்கிறாள். முடிவு ஒரு நிமிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் கூடிப் பேசி, ஜனநாயக முறையில். அதற்கு முன்னும் பின்னும் உள்ள மூன்று கட்டங்களும் மூன்று வாரம் நடக்கும்; அவை கண்ணுக்குத் தெரியாது. அதிகாரம் உள்ள கட்டம் பகிரப்படுகிறது, அதிகாரம் இல்லாத கட்டங்கள் பகிரப்படுவதில்லை. ஆகவே “எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சேர்ந்துதான் முடிவுசெய்வோம்” என்ற பெருமையை நான் ஐயத்தோடுதான் கேட்கிறேன்.

2019-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ‘வாந்தி மாத்திரை வாங்கணும்’ என்று நினைத்துக்கொள்வதை இப்படிப்பட்ட கடிகாரங்களால் எளிதில் அளக்க முடியாது. கையின் வேலையை நிறுத்தினால் அது நின்றுவிடும். தலையின் வேலை ஆனைமுடியின் அடிவாரம்வரை கூடவே வரும்.

பயணத்தைப் பற்றிய நம் இலக்கியம் இதைக் காண உதவியதா என்று தேடிப் பார்த்தால், ஏமாற்றமே மிஞ்சுகிறது. பொருள்வயின் பிரிவது தலைவன், இல்லத்தில் ஆற்றியிருப்பது தலைவி என்பது நம் அகமரபின் பழைய ஏற்பாடு. கடல்கடந்த பயணம் பெண்ணோடு செல்லும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். நவீன காலத்துக்கு வந்தால் ராகுல சாங்கிருத்தியாயனின் ‘ஊர்சுற்றிப் புராணம்’ தமிழில் பல தலைமுறைகளைக் கிளப்பிவிட்ட நூல். பெண்களும் ஊர்சுற்ற வேண்டும் என்று தனி அத்தியாயமே எழுதியவர் அவர். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் அவருடைய ஊர்சுற்றிக்குக் குடும்பம் என்பது அறுத்தெறிய வேண்டிய தளை. தளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு தளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது தளைக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு மலையேறுகிறவள் அந்த நூலில் இல்லை. பயண நூல்களில் யாரும் பை கட்டுவதில்லை. பை தானாகக் கட்டிக்கொள்கிறது.

சமையலறை என்பது வீட்டின் ஓர் அறை மட்டுமல்ல, பெண்ணின் மனத்துக்குள் நீண்டு கிடக்கும் இடம் என்பதை அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ நமக்குக் காட்டியது. குடும்பச் சுற்றுலா அந்தச் சமையலறையைக் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்துக்கு எடுத்துச்செல்கிறது. குளிர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இனி இரவிகுளத்துக்கு வருவோம். 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல்வெளியும் சோலைக்காடுமாக விரிந்த இந்தப் பூங்கா, வரையாடுகளைக் காப்பதற்காக 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதற்குள்தான் இருக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்குப் பூங்கா மூடப்படும். காரணம், வரையாடுகள் குட்டி ஈனும் பருவம். பேறுகாலத்தில் தாய்க்கும் குட்டிக்கும் ஆள்நடமாட்டத்தின் தொல்லை கூடாது என்று அரசே கதவைச் சாத்துகிறது. பூங்கா திறப்பதும் நம் பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடிவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அதனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் குடும்பங்கள் மொத்தமாக அங்கே போய்ச் சேர்கின்றன.

ஆடு மாடுகளிடமிருந்து பெண்ணுக்கு நீதி எடுத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ‘இயற்கையே இப்படித்தான்’ என்ற வாதம் எப்போதும் நமக்கு எதிராகவே பயன்பட்டிருக்கிறது. நான் பேசுவது ஆட்டைப் பற்றியல்ல, மனிதர்கள் போட்ட ஒரு விதியைப் பற்றி. குட்டியைப் பேணுவதற்குத் தொந்தரவற்ற காலம் வேண்டும் என்பதை ஏற்று, வருமானத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு மாதம் கதவடைக்க ஒரு நிர்வாகத்தால் முடிகிறது. பேணுதல் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டால் அதற்கு ஏற்பாடு செய்ய வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று. அதே பூங்காவின் வாசலில் வனத்துறைப் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் தாய்க்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட காலம் எதுவும் இல்லை. “லீவுக்குத்தானே வந்திருக்கோம், டென்ஷன் ஆகாதே” என்பதே அவளுக்குக் கிடைக்கும் சலுகை.

இதோடு நிறுத்தினால் என் விமர்சனம் பாதியில் நின்றுவிடும். ஏனென்றால் மூணாறு நிரலில் மறைக்கப்பட்டிருக்கும் பெண் நான் மட்டுமல்ல. தேயிலைத் தோட்டத்தில் நிறுத்திக் குடும்பப் படம் எடுக்கிறோமே, அதில் பின்னணியாக வரும் பச்சை கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தெற்கு மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேற்றப்பட்ட, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் வாரிசுகள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறில் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கங்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் போராட்டத்தில் 20 சதவீத போனஸை வென்றார்கள். கேட்ட 500 ரூபாய் கூலி கிடைக்கவில்லை. பிறகு 301 ரூபாயில் ஒப்பந்தம் முடிந்தது. சுற்றுலா நிரலில் ‘இயற்கைக் காட்சி’யாக இருந்தவர்கள் அந்த ஒன்பது நாளும் எழுவாயாக இருந்தார்கள்.

பேருந்து நம்மை இறக்கிவிடும் ராஜமலையைத் தாண்டிப் போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்து 70 பேர் இறந்தார்கள், அவர்களில் பல குழந்தைகள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போதுமா என்று நான் கவலைப்படும் அதே மலையில், பிள்ளைகளோடு படுத்துறங்கும் கூரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத தாய்மார்கள் வாழ்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘பெண்களின் சுமை’ என்று பேசுவது நேர்மையல்ல. விடுதியில் என் படுக்கை விரிப்பை மாற்றுகிறவளும், ‘வீட்டுச் சாப்பாடு’ சமைப்பவளும் பெரும்பாலும் பெண்கள்தாம். என் விடுமுறை இன்னொருத்தியின் வேலைநாள். வீட்டு வேலையை ஆண்களோடு பகிர்ந்துகொள்ள முடியாத வீடுகள் அதை இன்னொரு பெண்ணின் தலைக்கு, குறைந்த கூலிக்கு, மாற்றிவிடுகின்றன. நடுத்தர வர்க்கப் பெண்ணியம் இதை ஓய்வு என்று பெயரிட்டுக் கடந்துபோகக் கூடாது.

‘தாய்மார்கள் தனியாகப் பயணம் போகட்டும்’ என்று இப்போது ஒரு தீர்வு விற்கப்படுகிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் தனியாகப் போகிறவள் கிளம்புவதற்கு முன் மூன்று நாளுக்கான மாவை அரைத்து வைத்துவிட்டு, எந்தச் சீருடை எந்த நாள் என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் போகிறாள் என்றால், இரண்டாம் பிரதி ஒரு வரிகூட மாறவில்லை. இன்னும் நீண்டிருக்கிறது.

நான் கேட்பது உதவியல்ல. ‘என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்’ என்பது கையின் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையின் வேலையை அவளிடமே விட்டுவைக்கிற வாக்கியம். வேலையை வேரோடு மாற்றித் தர வேண்டும். உதாரணத்துக்கு, பிள்ளைகளின் வாந்தி என்பது முழுவதும் அப்பாவின் துறை. மாத்திரை வேண்டும் என்று நினைவுக்கு வருவது, வாங்குவது, நேரத்துக்குக் கொடுப்பது, மறந்தால் சட்டையைத் துவைப்பது எல்லாம் அவருடையது. அவர் மறக்கும்போது குறுக்கே பாயாமல் இருப்பது அம்மாவின் பங்கு. அது எளிதல்ல. பிள்ளைகள் சிரமப்படுவதைப் பார்க்க வேண்டியிருக்கும், ஊரார் பழியும் அம்மாமீதே விழும். ஆனால் ஒரு முறையாவது விளைவு தன்மேல் விழாதவருக்கு முன்னுணரும் பழக்கம் வருவதில்லை.

இதில் அவசரப்பட ஒரு காரணம் இருக்கிறது. போன பயணத்தில் வண்டி ஏறும்போது என் பதினொரு வயது மகள், “தம்பி ஸ்வெட்டர் எடுத்தாச்சாம்மா?” என்று கேட்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. தம்பிக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவில்லை, அவன் ஜன்னலோர இடத்தைப் பிடித்துவிட்டான். உறவினர்கள் “பாரு, எவ்வளவு பொறுப்பு!” என்று அவளை மெச்சினார்கள். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. இரண்டாம் பிரதி அடுத்த கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

மலையைப் பார்க்கக் கண் மட்டும் போதாது, காலியான மனமும் வேண்டும். மூணாறு போய்வந்த அம்மாக்களிடம் மலை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், யாருக்குச் சளி பிடித்தது, எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தம் என்று துல்லியமாகச் சொல்வார்கள். மலையைப் பற்றி ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு சரி. அவர்களுக்கு ரசனை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கவனம் என்ற ஒன்றை முன்கூட்டியே அடகுவைத்துவிட்டுத்தான் அவர்கள் மலையேறினார்கள்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். இரவிகுளத்தில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் அதற்குள் குடும்பத்தோடு அங்கே போகக்கூடும். போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பயண நிரலையும் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தொழிற்பெயரையும் அடித்துவிட்டு வினைமுற்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாயாக வீட்டிலுள்ள ஒருவர் பெயரைப் போடுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், வண்டி பதிவுசெய்வதற்கு முன்பே அந்தத் தாளை மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்குங்கள்.