பாட்ரிக் கெட்டிஸும் நம் தெருக்களும்

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்கள் முதலில் என் மேஜைக்குத்தான் வருகின்றன. கூடவே ஒரு வேல்யுவேஷன் ரிப்போர்ட் இருக்கும். நிலத்துக்கு ஒரு மதிப்பு. கட்டடத்துக்கு, தேய்மானம் போக, பெரும்பாலும் பூஜ்யம். கருங்கல் தூண், மர உத்தரம், முற்றம், திண்ணை எல்லாம் அந்தப் பூஜ்யத்துக்குள் அடக்கம். பர்கூரில் ஜவுளிக் கடைகள் பெருகப் பெருக இந்த விண்ணப்பங்களும் பெருகிவிட்டன. பாட்ரிக் கெட்டிஸைப் பற்றி எழுத எனக்கு உள்ள யோக்யதை இந்த மேஜை ஒன்றுதான். கட்டடக் கலை படித்தவனில்லை நான்.

அவரும் படித்தவரில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். 1854-ல் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற ஊரில் பிறந்தவர். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் வாங்காமலே டண்டீ கல்லூரியில் 1888-லிருந்து 1919 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்தார். வருஷத்தில் கோடைப் பருவம் மட்டும்தான் பாடம். மீதி மாதங்களில் ஊர் ஊராகச் சுற்றலாம், சுற்றினார். 1886-ல் கல்யாணமானதும், எடின்பரோவின் பழைய நகரத்தில், வசதியுள்ளவர்கள் எப்போதோ கைவிட்டுப் போயிருந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்கு மனைவி அன்னாவுடன் குடிபோனார். சுண்ணாம்பு அடித்தார், ஜன்னலில் பூத்தொட்டி வைத்தார், அண்டை வீட்டாரையும் வைக்கத் தூண்டினார். அறவே உதவாதவற்றை மட்டும் எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு வழி செய்தார். பாழடைந்த சில கட்டடங்கள் பழுது பார்க்கப்பட்டு மாணவர் விடுதிகளாயின. நெரிசலைப் பற்றி அறிக்கை எழுதியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். குடித்தனத்தோடு அங்கே போய் உட்கார்ந்தவர்களை எண்ணிவிடலாம்.

1914-ல் அவர் சென்னைக்கு வருகிறார். அழைத்தவர் கவர்னர் பெண்ட்லண்ட், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். நகரங்களைப் பற்றி ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கண்காட்சிப் படங்களையும் வரைபடங்களையும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏற்றியனுப்பியிருந்தார். அந்த செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டு நம் பாஷைக்கு ஒரு வசவையும் கொடுத்துவிட்டுப் போன எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. நண்பர்கள் மறுபடி படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915-ன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. ஒரு வாழ்நாள் சேகரம் கடலில் போன பின்பும் மனுஷர் தெருத்தெருவாக நடக்கக் கிளம்பிவிட்டார் என்பதை நினைக்கும்போது, ஒரு கவிதைத் தொகுதி விற்கவில்லை என்று நாம் மாய்ந்துபோவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாரமஹாலுக்கு ஸ்காட்லாந்துக்காரர் புதிதில்லை. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை இங்கே இருந்து, வரி நிர்ணயிக்க நிலம் அளந்த காரியத்தில் பங்குகொண்டார். கெட்டிஸ் அளந்தது வேறு.

அவர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களுக்கு எழுதிய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்பவர் தொகுத்து 1947-ல் லண்டனில் ஒரு புத்தகம் வந்தது. பெங்களூர் நண்பர் ஒருவர் அனுப்பிய அதன் ஸ்கான் பிரதியைத்தான் இரவுகளில் படித்தேன். விஷயம் எளியது. நகரசபையின் மேஜையில் ஒரு ரூல்தடி இருக்கிறது. நெரிசலான பேட்டையின் நடுவே அதை வைத்துக் கோடு கிழித்தால் அகலமான நேர்த்தெரு வந்துவிடுகிறது. கோட்டின் கீழே அகப்பட்ட வீடுகள் போகின்றன. வீடு போனவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துச் சந்துக்கு. அங்கே நெரிசல் இரட்டிக்கும். கெட்டிஸ் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார். எது குடியிருக்கும் வீடு, எது இடிந்த குட்டிச்சுவர், எது காலி மனை, மரம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். குட்டிச்சுவரையும் காலி மனையையும் சேர்த்தாலே அங்கங்கே சிறு வெளிகள் கிடைத்துவிடுகின்றன. வீடுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. செலவு, நகரசபைத் திட்டத்தில் ஒரு சிறு பங்கு. பேணிச் செய்யும் அறுவை என்று இதற்குப் பெயர் வைத்தார். மலேரியாவைச் சொல்லிக் குளங்களைத் தூர்க்கக் கிளம்பியவர்களிடம், மீனையும் வாத்தையும் விடுங்கள், கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்றார். நம் கோயில் நகரங்களைப் பற்றி 1919-ல் மாடர்ன் ரிவ்யூவில் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் ஒரு நூற்றாண்டாக நாம் படிக்கவில்லை. ஊர்ப் பெருமை பேச மட்டும் நமக்குச் சலிப்பதில்லை.

இந்தூரில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வரைபடத்தோடு இந்தக் கிழவர் நடந்து போனால் வீடு போகும் என்று ஜனங்கள் பயந்தார்கள். அவர் மகாராஜாவிடம் ஒரு நாளைக்கு அதிகாரம் கேட்டு வாங்கி, தீபாவளி ஊர்வலத்துக்குப் பொறுப்பேற்றார். ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, சுத்தம் செய்யப்பட்ட தெருக்கள் வழியாகப் போகும் என்று அறிவித்தார். ஊரே பெருக்கி வெள்ளையடித்துக்கொண்டது. ஊர்வலத்தில் ப்ளேகின் அடையாளமாக ஒரு ராட்சத எலி. திருவிழாவின் உபயோகம் தெரிந்த மனிதர்.

இனி குறைகள். முதலாவது, அவருடைய எழுத்து. மெக்ஸிகோவில் இளம் வயதில் கொஞ்ச காலம் பார்வை போனபோது, காகிதத்தை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திக்கப் பழகினார். பிறகு ஆயுள் முழுக்க அந்தக் கட்டங்களை விடவில்லை. இடம், வேலை, ஜனம் என்று எதையும் அதற்குள் அடைக்கப் பார்த்தார். தெருவில் அத்தனை கூர்மையான கண், காகிதத்தில் குழம்பிப்போகிறது. அவரைக் குருவாக வரித்த லூயிஸ் மம்ஃபோர்ட் 1923-ல் நேரில் சந்தித்தபோது திணறித்தான் போனார். சீடன் தெளிவாக எழுதியதால் குரு பிழைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது குறையை எனக்குக் காட்டியவர், என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர். மேற்படி புத்தகத்தைப் பற்றி மதிய சாப்பாட்டின்போது நான் பரவசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவின் வளைவு, வரிசையாகத் திண்ணைகள், நூறு வருஷத்து அநுபவம் இதில் படிந்திருக்கிறது என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “அந்தத் திண்ணையில எங்கப்பா ஒரு நாள்கூட உக்காந்ததில்ல சார். தெருவுல செருப்போட நடந்ததுமில்ல” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. தெருவின் வடிவம் மக்கள் வாழ்க்கையின் விளைச்சல் என்கிறார் கெட்டிஸ். எந்த மக்களின்? ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதும் அதே வாழ்க்கையின் விளைச்சல்தானே. இடிந்த சுவரை அடையாளம் காண அவர் நடந்த நடை, யார் எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்பதைக் கண்டுகொண்டதற்கு, நான் படித்த பக்கங்களில் போதிய தடயமில்லை. துளசி மாடத்தையும் பெருக்கிக் கோலமிட்ட வாசலையும் அவர் கண்டு மகிழ்கிறார். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் அவர் வரைபடத்தில் இல்லை.

நம் வட்டத்தில் மரபைப் பற்றி நடக்கும் சண்டை எனக்கு இங்கேதான் ஞாபகம் வருகிறது. மொத்தமாக இடித்தால்தான் வெளிச்சம் வரும் என்று ஒரு கட்சி. ஒரு செங்கல்லைத் தொடாதே என்று இன்னொரு கட்சி. இரண்டும் ரூல்தடிக் கட்சிகள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனை மனையாக, வரி வரியாகப் பார், எது பாழ், எது குடியிருக்கத் தக்கது என்று முடிவு செய் என்பதுதான் விமர்சனத்தின் வேலை என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த முடிவை யார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறோம் என்ற கேள்வி அந்த டிபன் பாக்ஸோடு வந்து சேர்ந்துவிட்டது. கெட்டிஸிடம் அதற்கு விடையில்லை. 1917-ல் மகனைப் போரிலும் மனைவியை இந்தியாவில் நோய்க்கும் பறிகொடுத்த பின்பும் இங்கேயே தங்கி, 1919-லிருந்து 1924 வரை பம்பாயில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவர். பிரான்ஸில் மோன்பெல்லியேவில் 1932-ல் இறந்தார். அவரைக் குறை சொல்லும்போது இதையும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

போன மாதம் அந்த நண்பரே வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டார். காலனியில் சொந்த மனை. பிளானைப் பிரித்துக் காட்டினார். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து எட்டடி நீளத்துக்குத் திண்ணை. இஞ்சினியர் இது வேஸ்ட் என்று சொன்னாராம். “இது சதுர அடிக் கணக்குல வருமா சார்?” என்று கேட்டார். வரும் என்றேன்.